வண்டியை 2 இன்ச் தூக்கியாச்சு... ஸ்டீரிங் ஏன் தடுமாறுது? 'லிஃப்ட் கிட்' போட்ட பிறகு வீல் அலைன்மென்ட்டில் பார்க்க வேண்டியது என்ன?

தார், ஜிம்னி, கூர்க்கா என்று ஆஃப் ரோடு வண்டி வாங்கும் பலருக்கும் அடுத்து வரும் ஆசை, வண்டியை இன்னும் கொஞ்சம் தூக்கணும் என்பதுதான். அதற்கு 'லிஃப்ட் கிட்' போடுகிறார்கள். பார்க்க வண்டி கம்பீரமாக இருக்கும். ஆனால் மெயின் ரோட்டில் ஏறி 80-ஐ தொட்டதும் ஸ்டீரிங் இடம் வலமாக அலையும். சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து போயிருக்கும்.

"அலைன்மென்ட் பார்த்துட்டேனே, ஸ்டீரிங் நேராத்தானே இருக்கு?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது. ஸ்டீரிங் நேராக இருப்பது வேறு, அலைன்மென்ட் சரியாக இருப்பது வேறு. அது எப்படி? விரிவாகப் பார்ப்போம்.

திருமானூர் ரோட்டில் இது ஏன் முக்கியம்?

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் ஊர் திருமானூர். ஆற்றங்கரை மண் பாதை, நெல், கரும்பு வயல்களுக்குப் போகும் வண்டித்தடம், மழை பெய்தால் காலை விடாத கரிசல் சேறு என எல்லாம் இந்தப் பகுதியில் உண்டு. உயரமான வண்டி இருந்தால் நல்லது என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் இதே வண்டிதான் கீழப்பழுவூர் வழியாக அரியலூருக்கும், கொள்ளிடம் பாலம் தாண்டி தஞ்சாவூருக்கும் போகணும். அரியலூர் சுற்றுவட்டாரம் சிமென்ட் ஆலைகள் நிறைந்த பகுதி. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளும் டிப்பர்களும் எதிரே வந்துகொண்டே இருக்கும். வயல் பாதையில் 15 கி.மீ. வேகத்தில் போகும்போது தெரியாத ஒரு கோணப் பிழை, எதிரே லாரி வரும்போது 80 கி.மீ. வேகத்தில் தெரியும். அப்போது தெரிந்து பயனில்லை.

முதலில்: தூக்கினால் எது உயரும், எது உயராது?

லிஃப்ட் கிட் என்பது உயரமான காயில் ஸ்பிரிங், ஸ்பேசர், நீளமான ஷாக் அப்சார்பர் போன்றவை அடங்கிய தொகுப்பு. இதைப் போட்டால் பாடியும் சேஸியும் மேலே போகும். சக்கரமும் ஆக்ஸிலும் இருந்த இடத்திலேயேதான் இருக்கும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பின்பக்கம் முழு ஆக்ஸில் இருக்கும் வண்டிகளில், நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரென்ஷியல்தான் பெரும்பாலும் தரைக்கு மிக அருகில் இருக்கும். லிஃப்ட் கிட் அதை ஒரு மி.மீ. கூட உயர்த்தாது. அது உயரணும்னா டயர்தான் பெரிதாகணும்.

உதாரணத்துக்கு, ஜிம்னியில் கம்பெனி டயர் 195/80 ஆர்15. இதன் விட்டம் சுமார் 693 மி.மீ. இதற்குப் பதில் 235/75 ஆர்15 போட்டால் விட்டம் சுமார் 733 மி.மீ. வித்தியாசம் 40 மி.மீ. அதில் பாதி, அதாவது 20 மி.மீ. மட்டுமே ஆக்ஸிலுக்கு அடியில் கூடுதலாகக் கிடைக்கும். கூடவே ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். மீட்டரில் 80 என்று இருந்தால், வண்டி 85-க்கு அருகில் போய்க்கொண்டிருக்கும்.

2020-ல் வந்த தாரின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 226 மி.மீ. ஜிம்னிக்கு 210 மி.மீ. ஆற்றங்கரைப் பாதைக்கும் வயல் வரப்புக்கும் பெரும்பாலும் இதுவே போதும். அதனால் தூக்குவதற்கு முன்பே 'உண்மையிலேயே தேவையா?' என்று ஒருமுறை யோசிப்பது நல்லது.

அலைன்மென்ட் என்றால் மூன்று கோணங்கள்

வீல் அலைன்மென்ட் என்பது சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைச் சரிபார்ப்பது. டோ, கேம்பர், காஸ்டர் என மூன்று கோணங்கள் முக்கியம்.

டோ: மேலே இருந்து பார்க்கும் கோணம். நாம் நிற்கும்போது இரண்டு பாதமும் உள்பக்கம் திரும்பியிருந்தால் அது 'டோ இன்'. வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் 'டோ அவுட்'. டயரை வேகமாகத் தின்பது இதுதான். ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் சுமார் 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். 100 கி.மீ. ஓடினால் கிட்டத்தட்ட 870 மீட்டர் தூரத்துக்கு டயரை ரோட்டில் வைத்துத் தேய்த்தது போலத்தான்.

கேம்பர்: வண்டிக்கு முன்னால் நின்று பார்க்கும் கோணம். டயரின் தலை வெளியே சாய்ந்திருந்தால் பாசிட்டிவ், உள்ளே சாய்ந்திருந்தால் நெகட்டிவ். இது அளவு மீறினால் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும். இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

காஸ்டர்: பக்கவாட்டில் இருந்து பார்க்கும் கோணம். சைக்கிளின் முன் ஃபோர்க் நேர் செங்குத்தாக இருக்காது, மேல்பகுதி சீட் பக்கம் சாய்ந்திருக்கும். காரிலும் அப்படி ஒரு சாய்வு உண்டு. வளைவில் திரும்பிய பிறகு ஸ்டீரிங் தானாக நேராக வருவதற்கும், வேகத்தில் வண்டி அலையாமல் போவதற்கும் இந்தச் சாய்வு பெரிய காரணம்.

காஸ்டர் குறைந்தால் டயர் தேய்மானத்தில் பெரிதாகத் தெரியாது. ஸ்டீரிங்கும் நேராகவே இருக்கும். ஓட்டும்போது மட்டும் வண்டி 'மிதக்குது', 'அலையுது' என்று தோன்றும். அதனால்தான் லிஃப்ட் போட்ட வண்டிகளில் அதிகம் கோட்டை விடப்படும் கோணமாக இது இருக்கிறது.

தார் வேற, ஜிம்னி வேற!

எல்லா வண்டியும் தூக்கினால் ஒரே மாதிரி கெடும் என்று நினைத்தால் தவறு. முன்பக்க சஸ்பென்ஷன் எந்த வகை என்பதைப் பொறுத்துப் பிரச்சினையும் மாறும், தீர்வும் மாறும்.

1. இரண்டு சக்கரமும் தனித்தனியே இயங்கும் வகை

2020-க்குப் பிந்தைய தார், தார் ராக்ஸ், ஸ்கார்ப்பியோ, 2021-க்குப் பிந்தைய கூர்க்கா போன்றவை இந்த வகை. முன் சக்கரம் ஒவ்வொன்றையும் மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம் பிடித்திருக்கும்.

வண்டியைத் தூக்கியதும் இந்த ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சாயும். பொதுவாக மேல் ஆர்ம் குட்டை, கீழ் ஆர்ம் நீளம். இதனால் கேம்பர் பாசிட்டிவ் பக்கம் நகரும். காஸ்டரும் மாறும். டை ராட் சாய்வதால் டோவும் மாறும். அது இன் பக்கம் போகுமா, அவுட் பக்கம் போகுமா என்பது ஸ்டீரிங் ராக் ஆக்ஸிலுக்கு முன்னால் இருக்கா, பின்னால் இருக்கா என்பதைப் பொறுத்தது. ஆக, மூன்று கோணமும் ஒன்றாகக் கலையும் வகை இது.

டோவை டை ராடில் சரிசெய்துவிடலாம். கேம்பரும் காஸ்டரும் கம்பெனி கொடுத்திருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் அளவுக்குள் வந்தால் பிரச்சினை இல்லை. அதைத் தாண்டிவிட்டால், மாற்று அளவில் செய்யப்பட்ட மேல் கன்ட்ரோல் ஆர்ம் போடுவது, இல்லையென்றால் லிஃப்ட் உயரத்தைக் குறைப்பது என இரண்டே வழிதான்.

இந்த வகையில் வீலுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டும் அதிகக் கோணத்தில் சுற்ற வேண்டியிருக்கும். அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே வருகிறதா என்று அவ்வப்போது குனிந்து பார்ப்பது அவசியம்.

பழைய தார் சி.ஆர்.டி.இ. வண்டியில் காயிலுக்குப் பதில் முன்பக்கம் டார்ஷன் பார் இருக்கும். அதன் போல்ட்டை முறுக்கினாலே முன்பக்கம் உயர்ந்துவிடும். "கிட் எதுவும் போடலையே, போல்ட்டைத்தானே முறுக்கினோம்" என்று அலைன்மென்ட் பார்க்காமல் விடக்கூடாது. எந்த வழியில் தூக்கினாலும் கோணம் மாறத்தான் செய்யும்.

2. முன்பக்கமும் முழு ஆக்ஸில் உள்ள வகை

2023 ஜூனில் விற்பனைக்கு வந்த 5 டோர் ஜிம்னி இந்த வகை. இரண்டு முன் சக்கரத்தையும் ஒரே ஆக்ஸில் இணைத்திருப்பதால், தூக்கினாலும் கேம்பர் மாறாது. இரண்டு வீலையும் இணைக்கும் டை ராடும் ஆக்ஸிலோடு சேர்ந்தே நகர்வதால் டோவும் பெரிதாக மாறாது.

அப்போ கவலை இல்லையா? இருக்கு. இங்கே அடிவாங்குவது காஸ்டர். ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் ஆர்ம்கள் பின்னால் சேஸியில் இணைக்கப்பட்டிருக்கும். சேஸி மேலே போனால் ஆர்ம் சாயும், அதோடு சேர்ந்து ஆக்ஸிலும் முன்பக்கம் உருளும். ஒரு கணக்குக்கு ஆர்ம் 1 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், 50 மி.மீ. தூக்கும்போது சுமார் 3 டிகிரி போய்விடும். ஆர்ம் அதைவிடக் குட்டை என்றால் இழப்பு இன்னும் அதிகம். காஸ்டர் மொத்தமே சில டிகிரிதான் இருக்கும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

இதைச் சாதாரண அலைன்மென்ட்டில் திருப்பிக் கொண்டுவர முடியாது. துளை மையம் தள்ளி வைத்துச் செய்யப்பட்ட 'காஸ்டர் கரெக்‌ஷன் புஷ்' போடணும், அல்லது அதற்கென்றே செய்யப்பட்ட ஆர்ம் மாற்றணும். லிஃப்ட் கிட்டோடு இது வருகிறதா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்ட் ராட். வண்டியைத் தூக்கியதும் இது ஆக்ஸிலை ஒரு பக்கம் இழுத்துவிடும். ஒரு பக்க டயர் மட்டும் பாடிக்கு வெளியே கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தால் காரணம் இதுதான். நீளத்தை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள ராட் போட்டால் சரியாகும்.

மஹிந்திரா மேஜர், எம்.எம்.540 போன்ற பழைய ஜீப்களில் முன்பக்கமும் லீஃப் ஸ்பிரிங் பட்டைதான். அங்கே ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்துக் காஸ்டரைச் சரிசெய்வார்கள்.

பாலத்தில் ஏறியதும் ஸ்டீரிங் உதறினால்?

முன்பக்கம் முழு ஆக்ஸில் உள்ள வண்டிகளில் மட்டும் அதிகம் வரும் ஆபத்து ஒன்று உண்டு. வேகமாகப் போகும்போது ஒரு பள்ளமோ, பாலத்தின் இணைப்புப் பட்டையோ தட்டினால், முன் சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக வேகமாக உதற ஆரம்பிக்கும். ஸ்டீரிங் கையிலேயே நிற்காது. ஆஃப் ரோடு ஓட்டுபவர்கள் இதை 'டெத் வாபிள்' என்பார்கள்.

அப்படி ஆனால் என்ன செய்யணும்?

* ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் உறுதியாகப் பிடியுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பிச் சண்டை போட வேண்டாம்.
* ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுங்கள். பதறிப் போய் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள்.
* வேகம் குறையக் குறைய உதறல் நிற்கும். ஓரமாக நிறுத்துங்கள்.
* நின்றுவிட்டது என்று மீண்டும் அதே வேகத்தில் ஓட்டாதீர்கள். மெதுவாக மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

பான்ஹார்ட் ராட் புஷ் தேய்வு, டை ராட் எண்ட் ஆட்டம், பேரிங் லூஸ், வீல் பேலன்ஸ் இல்லாமை, காஸ்டர் குறைவு என இதற்குக் காரணங்கள் பல. "ஸ்டீரிங் டாம்பர் புதுசா மாட்டினா நின்னுடும்" என்று சொல்வார்கள். அது உதறலை அமுக்கி வைக்கும், காரணத்தைச் சரிசெய்யாது.

கடைக்குப் போகும் முன்...

அலைன்மென்ட் மெஷினில் ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளே பாதி. இவற்றைச் செய்யாமல் ஏற்றினால் அளவு தப்பாகத்தான் வரும்.

* டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், வீல் பேரிங், புஷ் எதிலும் ஆட்டம் இருக்கக்கூடாது. ஆட்டம் இருக்கும் வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது வீண் செலவு.
* ரப்பர் புஷ் உள்ள போல்ட்களை வண்டி தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்கணும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால் புஷ் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும்.
* நான்கு டயரிலும் சரியான காற்று இருக்கணும். நான்கும் ஒரே அளவு டயராக இருக்கணும்.
* இரும்பு பம்பர், வின்ச், ரூஃப் கேரியர் மாட்டப் போகிறீர்கள் என்றால் முதலில் அதை மாட்டிவிட்டு அலைன்மென்ட்டுக்குப் போங்கள். எடை கூடினால் ஸ்பிரிங் இறங்கும், கோணமும் மாறும்.
* பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் இழுபடாமல் இருக்கிறதா என்று ஸ்டீரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள்.

கடையில் என்ன கேட்கணும்?

லிஃப்ட் போட்ட வண்டிக்கு நான்கு வீலையும் சேர்த்துப் பார்க்கும் 3டி அலைன்மென்ட் தேவை. முன் வீலுக்கு மட்டும் பார்த்தால், பின் ஆக்ஸில் கோணலாக இருப்பது தெரியாது. பின் ஆக்ஸில் கோணலாக இருந்தால் வண்டி நேராகப் போக ஸ்டீரிங்கைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

மறக்காமல் பிரிண்ட் கேளுங்கள். செய்வதற்கு முன் இருந்த அளவு, செய்த பிறகு உள்ள அளவு என இரண்டும் அதில் இருக்கும். அந்தத் தாளில் பார்க்க வேண்டியவை:

* காஸ்டர் அளவு இருக்கிறதா? அந்த இடம் காலியாக இருந்தால் அவர்கள் அதை அளக்கவே இல்லை என்று அர்த்தம். காஸ்டரை அளக்க வீலை இடமும் வலமும் திருப்பிப் பார்க்கணும். நேரம் ஆகும் என்பதால் சில இடங்களில் விட்டுவிடுவார்கள்.
* இடது, வலது பக்க அளவுகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா?
* டோ மட்டும் பச்சையில், மற்றவை சிவப்பில் இருக்கிறதா? அப்படி என்றால் வேலை முடியவில்லை.

"லிஃப்ட் போட்ட வண்டின்னா காஸ்டர் அப்படித்தான் சார் இருக்கும், விடுங்க" என்று சொன்னால் விடாதீர்கள். அங்கே சரிசெய்ய முடியாமல் இருக்கலாம். ஆனால் அளவு என்ன என்று தெரிந்தால்தான் எந்த பார்ட் தேவை என்று முடிவு செய்ய முடியும். அதேபோல் கேம்பரைச் சரிசெய்ய ஜாக்கி வைத்து வளைத்துத் தருகிறேன் என்றால் வேண்டவே வேண்டாம். வளைந்த இரும்பு எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஈ.எஸ்.பி. உள்ள வண்டிகளில் ஸ்டீரிங் ஆங்கிள் சென்சாரையும் மீண்டும் செட் செய்யச் சொல்லுங்கள். வண்டி நேராகப் போகும்போது ஸ்டீரிங் திரும்பியிருப்பதாக கம்ப்யூட்டர் நினைத்தால், தேவையில்லாத நேரத்தில் பிரேக் பிடிக்க வாய்ப்பு உண்டு. ஹெட்லைட் உயரத்தையும் இறக்கிவிடுங்கள். வண்டி உயர்ந்தால் லைட்டும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

வீட்டிலேயே டோ பார்க்க முடியுமா?

தோராயமாகப் பார்க்கலாம். அலைன்மென்ட் கடைக்குப் போகும் வரை வண்டி ஓட்டத் தகுந்ததா என்று தெரிந்துகொள்ள இது உதவும். தேவையானது ஒரு சாக்பீஸ், ஒரு அளவு டேப், கூட ஒரு ஆள்.

1. சமதளத்தில் ஸ்டீரிங்கை நேராக வைத்து வண்டியை நிறுத்துங்கள்.
2. இரண்டு முன் டயரின் முன்புறத்திலும், வீல் நடு உயரத்தில், டயரின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.
3. வண்டியை மெதுவாக முன்னால் தள்ளுங்கள். அதே கோடுகள் அரைச் சுற்று சுற்றி டயரின் பின்புறம், அதே உயரத்துக்கு வந்ததும் நிறுத்தி மீண்டும் அளங்கள்.
4. முன்புற அளவு குறைவாக இருந்தால் டோ இன். அதிகமாக இருந்தால் டோ அவுட்.

ஜிம்னி அளவு டயரில் இந்த வித்தியாசம் 12 மி.மீ. வந்தால், வீலுக்கு அரை டிகிரி வீதம் மொத்தம் ஒரு டிகிரி விலகியிருக்கிறது என்று பொருள். அது மிக அதிகம். நீண்ட பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கேம்பர், காஸ்டரை இப்படி வீட்டில் சரியாக அளக்க முடியாது, அதற்கு மெஷின்தான்.

டயரே சொல்லும் சேதி

* தடவிப் பார்த்தால் ஒரு திசையில் வழுவழுப்பு, எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரி குத்தினால்: டோ
* ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால்: பெரும்பாலும் கேம்பர், சில சமயம் டோவும் சேர்ந்து
* இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால்: காற்று குறைவு
* நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால்: காற்று அதிகம்
* அங்கங்கே குழி குழியாக இருந்தால்: ஷாக் அப்சார்பர் அல்லது பேலன்சிங்

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீரிங் நடுங்கினால் முதலில் வீல் பேலன்சிங் பாருங்கள். அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் ஒன்றல்ல.

ஒருமுறை பார்த்தால் போதுமா?

போதாது. லிஃப்ட் போட்ட உடனே ஒருமுறை கட்டாயம். புது ஸ்பிரிங் ஓட ஓட கொஞ்சம் இறங்கி உட்காரும் என்பதால், 500 முதல் 1,000 கி.மீ. ஓடிய பிறகு போல்ட்களை மீண்டும் இறுக்கிவிட்டு இன்னொரு முறை பார்க்கணும். அதன்பிறகு பெரிய பள்ளத்தில் இறங்கினாலோ, கல்லில் வீல் அடிபட்டாலோ உடனே பார்ப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அளவில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9-ம் தேதி உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் இதை உறுதி செய்தது. 2019 திருத்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

கம்பெனி வாரன்ட்டியிலும், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் சிக்கல் வரலாம். எனவே வேலையைத் தொடங்கும் முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்வது பாதுகாப்பு.

சுருக்கமாக...

* தூக்குவதற்கு முன் தேவையா என்று யோசியுங்கள். சட்டத்தையும் பாருங்கள்.
* தார் வகை வண்டியில் மூன்று கோணமும் மாறும். ஜிம்னி வகையில் முக்கியமாக காஸ்டர் மாறும்.
* லிஃப்ட் கிட் விலையோடு காஸ்டர் புஷ், பான்ஹார்ட் ராட், மேல் ஆர்ம் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அதற்குப் பணம் இல்லை என்றால் லிஃப்டைத் தள்ளிப்போடுங்கள்.
* நான்கு வீல் அலைன்மென்ட், காஸ்டர் அளவோடு பிரிண்ட். இதில் சமரசம் வேண்டாம்.
* 500 முதல் 1,000 கி.மீ.க்குள் மறுபடியும் ஒருமுறை.

கடையில் இருந்து வண்டியை எடுத்ததும், ஆள் நடமாட்டமில்லாத நேரான ரோட்டில் மிதமான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். திருப்பிய ஸ்டீரிங் தானாக நடுவுக்கு வருதா? வண்டி அலையாமல் கோடு பிடித்துப் போகுதா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் வீட்டுக்குப் போகலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், பிரிண்டை எடுத்துக்கொண்டு அதே கடைக்குத் திரும்புங்கள்.